மச்சானுக்குள் அடங்கிய ஆஸ்பத்திரி

எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு மச்சான் என்று பெயர். பெரிய டாக்டருக்குத்தான் அவர் மச்சான். ஆனால் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பெரிய டாக்டரின் மனைவியோடு பிறந்ததைத் தவிர அந்த ஆளுக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது.

கம்ப்யூட்டரில் யார் எதைத் திறக்கலாம் என்பதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அனுமதிகளையெல்லாம் மச்சான் சரிபார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகள். அந்த மகராசன் ஒரு வரிகூடப் படித்ததில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே 'அனைத்தும் சரி' பொத்தானை அழுத்துவார். வேலையை விட்டுப் போன பல் டாக்டர் ஒருவருக்கு நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் வருடக்கணக்கில் திறந்தே கிடந்தது.

பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினேன். சின்னச் சின்ன அனுமதிகளைக் கட்டுகளாக்கி, கட்டுகளை அந்தந்த வேலைக்குள் வைத்தேன். 'ஸ்டோர் பொறுப்பாளர்' என்ற வேலைக்குள், சரக்கு வந்ததைப் பதியும் கட்டும், வார்டுக்கு எடுத்துக் கொடுக்கும் கட்டும், ஸ்டோர் கதவும் அடக்கம். இனி ஆளுக்கு ஒரே வரி. இவர் இன்னும் அந்த வேலையில் இருக்கிறாரா, இல்லையா? பச்சைக் குழந்தைகூடப் பதில் சொல்லிவிடும். அதனால் மச்சானாலும் முடியும் என்று நம்பினேன்.

உட்கார வைத்து விளக்கினேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"நிர்வாகின்னு தனியா ஒரு வேலை சார்."

"தனியாவா? எல்லாரும் எனக்குள்ள இருக்கணும்மா. ஒரு நர்ஸ் திறக்கிறதை என்னால திறக்க முடியலைன்னா எனக்கு என்ன மரியாதை?"

"சார், சரக்குக்கு ஆர்டர் போடுறவரே சரக்கு வந்துடுச்சுன்னும் பதியக் கூடாது."

"அப்போ என்னைத் திருடன்னு சொல்றியா?"

சொல்லத்தான் நாக்கு துடித்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அடக்கிக்கொண்டேன். மொத்த ஆஸ்பத்திரியையும் அவருக்குள் திணித்துக் கொடுத்தேன்.

புதிய பட்டியல் இரண்டே பக்கம். மச்சான் படித்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, விரல் வைத்துப் படித்தார். ஸ்டோர் பொறுப்பாளராக இருந்த, நாங்கள் அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் வரி வந்ததும் விரல் நின்றது. வராத கையுறைப் பெட்டிகளை வந்ததாகப் பதியச் சொல்லி அவர் மிரட்டியபோது, "பெட்டியைக் கண்ணுல காட்டுங்க, பதியறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள் அவள். 'இல்லை' என்று ஒரு தட்டு. கதவு, கம்ப்யூட்டர், எல்லாம் ஒரேயடியாகப் போயிற்று.

மறுநாள் காலை அக்கா ஸ்டோர் வாசலில் நின்று திறக்காத கதவில் தன் அடையாள அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். அதற்குள் பெட்டிகளெல்லாம் வந்துவிட்டதாக மச்சான் பேரில் பதிவாகியிருந்தது.

கொதித்துப்போய்ப் பெரிய டாக்டரிடம் ஓடினேன். அக்கா, பெட்டிகள், பதிவு, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பட்டியலைப் படிச்சுப் பார்த்துத்தானே எடுத்திருக்கான்?"

"ஆமா சார், ஆனா..."

"இத்தனை வருஷத்துல இப்பதாம்மா அவன் ஒரு வேலையை ஒழுங்கா பண்ணியிருக்கான். கெடுத்துடாதே."

அந்தக் குடும்பத்துக்கே சேர்த்து ஒரு மூளைதான் போல. அதுவும் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை.

நான் திரும்பி வந்தபோது அக்கா பையைத் தோளில் மாட்டியிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டாள்.

"அக்கா, நான் வேணும்னு பண்ணலை..."

"தெரியும்டி. முன்னாடியெல்லாம் என்னைத் தூக்கணும்னா அம்மாம்பெரிய பட்டியல்ல ஒவ்வொண்ணாத் தேடணும். அந்தச் சோம்பேறி தேடவே மாட்டான். அதுலதான் நான் இத்தனை நாள் பொழைச்சேன். நீ அவனுக்குச் சுலபமாக்கிக் குடுத்துட்டே."