பதிமூன்றாம் சேனல்

நேர்காணலுக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. கம்ப்யூட்டரில் வைஃபை இல்லை.

காலை வரை இருந்தது. அரியலூரில் எங்கள் தெருவில், வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டாது. அதனால் எதிர்வீட்டு மலர்க்கொடி அக்காவின் தையல் கடை வைஃபையை அவர் அனுமதியோடு பயன்படுத்துகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குப் புனேயில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தார் என்னைத் திரையில் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். போனில் கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். விண்மீன்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பற்றிய படிப்பு. அப்பாவுக்குத் தெரியாது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த மகள் பெரம்பலூரில் பி.எட். சேர்ந்து டீச்சர் ஆகப்போகிறாள் என்று அவர் தன்னோடு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் பழையது. போன வருடம் விண்டோஸை எடுத்துவிட்டு நானே லினக்ஸ் போட்டேன். வைஃபைக்காக விரல்நகம் அளவுக்கு ஓர் அடாப்டரைப் பின்னால் செருகியிருக்கிறேன். அதைக் கழற்றி வேறு துளையில் செருகிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. தேடச் சொன்னால் தெருவில் இருக்கும் மற்ற மூன்று வீடுகளின் வைஃபை பெயர்கள் வந்தன. அக்காவின் பெயர் மட்டும் வரவில்லை. என் போனில் அது வந்தது.

தெருவைக் கடந்து போனேன். அக்கா ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொட்டிய பேரீச்சம்பழத்துக்குப் போடுன்னு எத்தினி தடவ சொல்றது. எனக்கு நல்லாத்தான வருது."

"யாராச்சும் வந்து எதையாவது மாத்துனாங்களாக்கா?"

"மத்தியானம் நெட்டு லைன்மேன் வந்தான். எல்லாரும் ஒரே சேனல்ல முட்டிக்கிறாங்க, பதிமூணுல போட்டா கூட்டமே இருக்காதுன்னு போட்டுட்டுப் போனான். இப்ப போன எடுக்க மாட்டேங்கிறான்." ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். "ஒங்கப்பாகிட்ட சொன்னியா இல்லியா?"

நான் மேசையில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டினேன்.

"நல்லா வருவடி. நாளைக்கு அவங்க கேள்வி கேட்டாலும் இப்புடித்தான் நிப்பியா?"

திரும்பி வந்து, அடாப்டர் எந்தெந்த சேனல்களில், அதாவது அலைவரிசைகளில், பேசும் என்று பார்த்தேன். ஒன்று முதல் பதினொன்று வரை இருந்தன. பன்னிரண்டும் பதிமூன்றும் மூடப்பட்டிருந்தன. கெட்டுப்போகவில்லை; மூடப்பட்டிருந்தன. அதற்கு மேல் ஒரே வரி. நாடு: யு.எஸ்.

லினக்ஸ் போட்ட அன்று எந்த ஊர் என்று கேட்டது. நியூயார்க் என்று தானாக வந்ததை மாற்றாமல் அடுத்து, அடுத்து என்று அழுத்தினேன். கடிகாரம் தப்பாகக் காட்டியபோது ஊரை மாற்றவில்லை, மணியை மட்டும் கையால் திருத்தினேன். அமெரிக்காவில் வைஃபைக்குப் பதிமூன்றாம் சேனல் கிடையாதாம். இந்தியாவில் உண்டு. ஒரு வருடமாக இந்தப் பெட்டி, தான் பார்த்தேயிராத ஒரு நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அந்த இடத்தில் காது கொடுக்காமலே இருந்திருக்கிறது.

ஊரையும் நாட்டையும் இந்தியாவுக்கு மாற்றினேன். மறுபடி தேடச் சொன்னேன்.

'மலர் டெய்லர்ஸ்' வந்தது.

கை மேசைமேல் அப்படியே இருந்தது. அந்தப் பெயர் இப்போது வந்ததல்ல. இத்தனை நேரமும் இந்த அறையில்தான் இருந்தது. சுவர் வழியாக, என் தலைமுடி வழியாக, தண்ணீர்க்குடம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அறை நிறைய அது நிற்கும் என்று நினைத்ததில்லை.

அப்பா வந்தது தெரியவில்லை. சட்டையில் வெள்ளைத் தூசியோடு பின்னால் நின்றிருந்தார்.

"என்னம்மா, பேய் பாத்தவ மாதிரி ஒக்காந்திருக்க?"

சொன்னேன். வைஃபை எப்படிப் போனது, எப்படி வந்தது என்பதை மட்டும். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டியலில் இருந்த நான்கு பெயர்களையும் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இதெல்லாம் நம்ம வூட்டுக்குள்ளயா இருக்கு?"

"ஆமாப்பா. ஒவ்வொண்ணும் நொடிக்குப் பத்து தடவ தன் பேரச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"யாரும் பதில் சொல்லாட்டியுமா?"

"சொல்லாட்டியும்."

அவர் கையைத் தூக்கிக் காற்றில் மெல்ல அசைத்துப் பார்த்தார். லாரி ஸ்டீயரிங் பிடித்துத் தடித்த கை. நான் அதையே பார்த்தேன்.

"இம்புட்டு வெளக்கமா சொல்ற," என்றார். "பி.எட். முடிச்சு டீச்சரா நின்னா புள்ளைங்க ஒன்ன விடாதுங்க."

எதிரே தையல் இயந்திரம் ஓடி நின்றது. அப்பா எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"அப்பா," என்றேன். "நான் பி.எட். சேரல. நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு புனேவுக்கு இன்டர்வியூ இருக்கு."