கசிவு என்று பதிவான ஆறு

ராஸ் அல் கைமாவில் ஆற்றங்கரை மாளிகை 1926-இல் கட்டப்பட்டது. ஆறு 2002 மார்ச் மாதம்தான் வந்தது.

இடைப்பட்ட எழுபத்தாறு வருஷமும் மாளிகையின் பதினோரு படி கொண்ட படித்துறை வெறும் மணலுக்குள்தான் இறங்கியது. கட்டியவர் ஒரு முத்து வியாபாரி. கொச்சிப் பக்கம் போன இடத்தில் ஆற்றோரமாக ஒரு பணக்காரர் வீட்டைப் பார்த்திருக்கிறார். அதைப்போல் தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஊருக்கு வந்து கட்டிக்கொண்டார். ஆறு எங்கே என்று கேட்டவர்களிடம், முதலில் வீடு இருந்தால்தானே ஆறு வரும் என்றார். மா, பலா, பாக்கு, செவ்வாழை, செம்பருத்தி எல்லாம் கன்றாகக் கப்பலில் வந்தன. தண்ணீர் முதலில் கழுதை முதுகிலும் பிறகு டேங்கர் லாரியிலும் வந்தது. 1951-இல் அவர் இறந்த அன்று படித்துறையில் உட்கார்ந்து மணலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். அது பொய்யாக இருக்கலாம். படகு கட்ட அவர் நட்ட இரண்டு கல்தூண்கள் இருப்பது உண்மை. பேரன் காலத்தில் மாளிகை கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போனது. துபாயிலிருந்து வெள்ளைக்காரர்களும் சிந்திகளும் வந்து, மணலுக்கு முதுகைக் காட்டி, வாழைமரங்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பேரன்தான் நாகலிங்கத்துக்கு விசா கொடுத்த முதலாளி, அரபியில் கபீல். நாகலிங்கம் அறந்தாங்கிக்குக் கிழக்கே வெள்ளாற்றங்கரைக்காரன். மாமன் மகள் சரசுவுக்குப் பரிசம் போட்டுவிட்டு, இரண்டு வருஷத்தில் லீவில் வந்து தாலி கட்டுவதாகச் சொல்லித் தோட்ட வேலைக்கு வந்தவன். மார்ச் மாதத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து, படித்துறையை அலசுவதற்காக ஓஸைத் திறந்து வைத்துவிட்டுப் பாக்குமரத்தில் சாய்ந்தவன் தூங்கிப்போனான். விழித்துப் பார்த்தபோது அறுபதடி அகலத்துக்கு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கீழிருந்து ஆறாவது படி வரை தண்ணீர். அவன் முதலில் செய்த காரியம், ஓடிப்போய் டாப்பை மூடியது. ஆறு நிற்கவில்லை. தண்ணீரை வீணாக்கியதற்கு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மேனேஜர் சாதிக் பாட்ஷாவிடம் போய்த் தானே ஒப்புக்கொண்டான். சாதிக் பாட்ஷா கீழக்கரைக்காரர், நிதானமானவர். வந்து பார்த்தார், டாப்பை மூடினாயா என்று கேட்டார், மூடியதாகச் சொன்னான். அப்படியென்றால் உன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு முனிசிபாலிட்டிக்குப் போன் செய்தார். மூன்று பேர் வந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய படிவத்தில் ஆற்றுக்குத் தனிக் கட்டம் இல்லாததால், ‘கசிவு’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றுவரை பதிவேட்டில் அது கசிவுதான்.

பலாமரங்களுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, நானூறு மீட்டர் ஓடி, ஒரு மணல்மேட்டுக்கு அடியில் நுழைந்து ஆறு காணாமல் போனது. காலையிலிருந்து பிற்பகல் அஸர் பாங்கு வரை மேட்டை நோக்கி ஓடும். பிறகு அப்படியே திரும்பி மாளிகையை நோக்கி ஓடும். பக்கத்திலிருந்த கடற்கழியைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கபீல் ஒரே வாரத்தில் அன்னம்போல் கழுத்து வைத்த வெள்ளைப் படகு ஒன்றை வாங்கினார். அதன் பிறகு மாளிகையில் எந்த மணப்பெண்ணும் காரில் வந்து இறங்கவில்லை. எமிரேட்டுகளிலேயே ஆற்றோடு கூடிய ஒரே பழைய மாளிகை என்று நோட்டீஸ் அடித்தார்கள். அதற்கு முன்பு ஆறில்லாமல் அதே பெயரில் நோட்டீஸ் அடித்தபோதும் யாரும் கேள்வி கேட்டதில்லை.

தண்ணீர் எங்கே போகிறது என்பது நாகலிங்கத்துக்கு வெள்ளிக்கிழமை போன் கார்டில் தெரிந்தது. மாசி மாதத்தில் வெள்ளாற்றில் தண்ணீர் ஓடுவதாகவும், அதில் ரோஜா இதழ்கள் வருவதாகவும் சரசு சொன்னாள். வெள்ளாறு வருஷத்தில் எட்டு நாள் ஓடினால் பெரிது. அடுத்த வாரம் ஒரு சரிகை ரிப்பன், அதற்கடுத்த வாரம் ஆங்கிலத்தில் இரண்டு பெயர் அச்சடித்த காகிதக் கைக்குட்டை. பிறகு ஒரு ஷூ கிடைத்ததாகச் சொன்னாள். என்ன கலர், எந்தக் கால் என்று கேட்டான். பழுப்பு, இடது கால். வியாழக்கிழமை ஒரு மாப்பிள்ளை படகிலிருந்து தவறவிட்ட ஷூவை அவன் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தான். விஷயம் அத்தோடு தெளிவாகிவிட்டது. மாமனார் அந்த வருஷமே இரண்டாம் போகம் நட்டார். மறு வருஷம் மூன்றாம் போகம். பக்கத்து ஊரில் மணல் லாரி வைத்திருந்த விஜயபாஸ்கர், லாரிகளை விற்றுவிட்டுக் கதிர் அறுக்கும் இயந்திரம் வாங்கினான்.

2003-இல் லீவு முறை வருவதற்கு இரண்டு மாதம் முன்பு நாகலிங்கத்துக்குக் கடவாய்ப்பல் வீங்கியது. சாதிக் பாட்ஷாவின் மச்சினன் லுக்மான் அஜ்மானில் குடியிருந்து துபாய்க்கு வேலைக்குப் போய்வருபவன். அவன் வீட்டில் தங்கி, அங்கே ஒரு மலையாளி டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வரலாம் என்று ஏற்பாடு. நாகலிங்கம் ஏறிய பஸ் ஊரைத் தாண்டியதும் ஆறு வற்றியது. மாளிகையில் அன்று ஒரு லெபனான்காரர் வீட்டுக் கல்யாணம். அன்னப்படகு மணலில் சாய்ந்து, மணப்பெண் முக்கால் மணி நேரம் அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லில்லாமல் அவன் திரும்பி ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் ஆறு வந்தது. கபீல் இரண்டு முறை அவனை ஊர் எல்லைக்கு வெளியே காரில் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவந்து சோதித்துப் பார்த்தார். பிறகு அவனுடைய லீவு மனுவை நான்காக மடித்து அவன் சட்டைப்பையிலேயே வைத்தார். லீவு மாஃபி, அதாவது இல்லை, என்பதை சாதிக் பாட்ஷா தமிழில் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

2004-இல் மறுபடி கேட்டான். மறுபடி மாஃபி. 2005-இல் சாதிக் பாட்ஷாவே மனமிரங்கி ஒரு வழி சொன்னார். அவருடைய நிக்காஹ் போனில் நடந்தது. கீழக்கரையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, இவர் இங்கே சம்மதம் சொன்னார். ஒரு குறையும் வரவில்லை, மூன்று பிள்ளைகள். நாகலிங்கம் யோசித்துவிட்டு, “உங்களுக்குச் சரி பாய். தாலிய எப்படிப் போன்ல கட்டுறது?” என்றான். ஊரில் அவனுடைய அக்கா வேறொரு வழி சொன்னாள். மூன்று முடிச்சில் பின் இரண்டை நாத்தனார் போடுவதுதானே வழக்கம், முதல் முடிச்சையும் தானே போட்டுவிடுகிறேன் என்றாள். இதைப் போன் கார்டில் சரசுவிடம் சொன்னான். அவள் கேட்டாள்: “ஒங்கக்காவக் கட்டிக்கிட்டு நான் என்ன மச்சான் பண்ண?”

அப்போதுதான் மாமனார் தன் யோசனையை எடுத்தார். அவர் கெட்டவர் அல்ல, மூன்று போகம் பார்த்தவர். நாகலிங்கம் ஊருக்கு வந்தால் அங்கே ஆறு வற்றும். அங்கே வற்றினால் இங்கேயும் வற்றும். இங்கே வற்றினால் பயிர் கருகும். ஆகவே நாகலிங்கம் அங்கேயே நல்லபடியாக இருக்கட்டும், பெண்ணை விஜயபாஸ்கருக்குக் கொடுத்துவிடலாம். ஊரே இதை நியாயம் என்றது. நாகலிங்கத்தின் சொந்தச் சித்தப்பாவும், வரப்பில் நின்றுகொண்டு, நியாயம் என்றார். தை இருபது, வியாழக்கிழமை, பத்தரை மணிக்கு மேல் முகூர்த்தம் என்று குறித்தார்கள். அதுவரைக்கும் பழைய மாப்பிள்ளைக்கு அவகாசம். வந்தால் அவன், வராவிட்டால் இவன். வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மரியாதைக்குச் சொன்னார்கள். அதே வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாளிகையில் கபீலின் தங்கைக்குக் கல்யாணம்.

நாகலிங்கம் மூன்று வாரம் சாப்பாட்டைக் குறைத்தான். வேறொன்றும் செய்யவில்லை. சரசுதான் அவன் செல்போனுக்குப் போன் செய்தாள். விஜயபாஸ்கர் நிச்சயத்துக்கு வாங்கிக் கொடுத்த செல்போனில் பேசுவதாகச் சொன்னாள்.

“மச்சான், நீங்க ஆத்த விட்டுப் போனாத்தான வத்துது?”

“ஆமா.”

“ஆத்தோடயே வந்தா?”

அவனுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த மண்வெட்டியை வாழைக்குழியிலேயே விட்டுவிட்டு சாதிக் பாட்ஷாவிடம் போனான்.

சாதிக் பாட்ஷா மேனேஜர். அவருக்கும் பிள்ளைகள் உண்டு, விசா உண்டு. கபீலின் தங்கை கல்யாணத்தில் ஆறு வற்றினால் வற்றுவது ஆறு மட்டுமாக இருக்காது என்று அவருக்குத் தெரியும். அன்னப்படகு மாஃபி, அது மணப்பெண்ணுக்கு வேண்டும் என்றார். பிறகு சமையற்கட்டுக்குப் போய், முந்நூறு பேருக்குப் பிரியாணி போடும் டேக்ஸா ஒன்றை இரண்டு பேரை வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்.

“இது வெள்ளிக்கிழமை சமையலுக்கு வேணும் தம்பி. கழுவி எடுத்துட்டு வா. சாயந்தரம் ஆறு மணிக்கு டியூட்டி.”

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு நாகலிங்கம் டேக்ஸாவில் ஏறினான். வெள்ளை வேட்டி, சாதிக் பாட்ஷாவின் சட்டை, மடியில் தாலியும் செல்போனும், துழாவுவதற்கு ஒரு பிரியாணிக் கரண்டி. மணல்மேட்டுக்கு அடியில் நுழையும்போது தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே இருட்டு என்றும், முந்தைய வாரத்து நெய்ச்சோற்று வாசம் அடித்தது என்றும், வழியில் பார்க்கத்தக்கது ஒன்றும் இல்லை என்றும் பிறகு கேட்டவர்களிடம் சொன்னான். இரண்டு மணி இருபது நிமிஷத்தில், இந்திய நேரப்படி பத்து இருபதுக்கு, வெளிச்சம் வந்தது. முதலில் தெரிந்தது நாணல், அடுத்து ஒலிபெருக்கி, அடுத்து பட்டு வேட்டியில் விஜயபாஸ்கர்.

கரையில் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நான்கு வருஷமாக அந்த ஆற்றில் எது எதுவோ வந்திருக்கிறது. மாமனார் மட்டும் இடுப்புவரை இறங்கி வந்து, இரண்டு கையையும் விரித்து மறித்தார். “மாப்ள, கரையில மட்டும் ஏறிராதீக. தண்ணி நின்னுரும்,” என்றார். மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அத்தைமார்களுக்கு விவசாயம் புரியவில்லை. பந்தலுக்கு வராமல் என்ன கல்யாணம் என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். விஜயபாஸ்கரும் ஒரு கை கொடுத்தான். நாகலிங்கத்துக்குப் பசி வேறு, மறுக்கத் தெரியவில்லை. ஒரு கால் ஈர மணலில் பட்டது. ஆறு ஒரு சாண் இறங்கியது. அவன் மடியில் செல்போன் அடித்தது. அங்கே படித்துறையில் நான்காவது படி தெரிவதாகவும், கபீல் ஜன்னலுக்கு வந்துவிட்டதாகவும் சாதிக் பாட்ஷா சொன்னார். இன்னொரு காலும் மண்ணில் பட்டிருந்தால் அங்கே அவனுக்கு வேலையும், இங்கே மாமனாருக்குப் பயிரும் போயிருக்கும். பயிர் போன பிறகு அவனுக்குப் பெண் கொடுக்க எந்த மாமனாரும் இல்லை. சரசு மணவறையிலிருந்து எழுந்து, கூறைப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, நேராக ஆற்றில் இறங்கி வந்தாள். மாலையோடு அவனை நெஞ்சில் கைவைத்து டேக்ஸாவுக்குள் தள்ளினாள். “மூணு முடிச்சப் போடுங்க. அப்பறம் எங்க வேணாலும் விழுங்க.”

தாலி டேக்ஸாவின் விளிம்புக்கு மேலே கட்டப்பட்டது. மாப்பிள்ளைக்குக் கால் கழுவும் சடங்கு, ஏற்கெனவே கழுவியிருந்ததால், விடப்பட்டது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நின்று வாசித்தார். மணவறையைச் சுற்றுவதற்குப் பதில் சரசு டேக்ஸாவை மூன்று முறை சுற்றினாள். மூன்றாவது சுற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பந்தி கரையில் நடந்தது. மணமக்களுக்கு இலையை மட்டும் மிதக்கவிட்டார்கள். விஜயபாஸ்கர் தானும் சாப்பிட்டுவிட்டு, செல்போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். மாலை அங்கே அஸர் பாங்கு சொன்ன நேரத்துக்கு வெள்ளாறு திரும்பி ஓடத் தொடங்கியது. சரசு இறங்கி, டேக்ஸாவை இரண்டு தடவை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, புருஷனை உள்ளே உட்காரவைத்துத் தள்ளிவிட்டாள். கபீலின் தங்கை அன்னப்படகில் வந்து இறங்கியபோது மணி ஆறு இருபது. படித்துறையில் மஞ்சள் பூசிய நெற்றியோடு கைகட்டி நின்ற தோட்டக்காரனை அவள் பார்க்கவில்லை. கபீல் பார்த்தார். ஆற்றையும் பார்த்தார். ஆறு இருந்தது. அத்தோடு அவருடைய கேள்வி முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாகலிங்கம் வாரா வாரம் ஊருக்குப் போனான். புது டேக்ஸா வாங்கிக்கொண்டான், அலுமினியம். சரசு ஆற்றுக்கு நடுவே கல்தூண் நிறுத்தி வீடு கட்டினாள். கூடத்தில் கணுக்கால் தண்ணீர், அடுப்படியில் முழங்கால் தண்ணீர், கட்டிலுக்கு மட்டும் உயரமான கால். ஆற்றுப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்று பஞ்சாயத்து நோட்டீஸ் அனுப்பியது. அதைக் கொண்டுவந்த ஆளே மறு போகத்துக்குத் தண்ணீர் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனான். மாமனார் தினமும் மாலையில் வந்து, தூணில் எத்தனை விரல் தண்ணீர் என்று பார்த்துவிட்டு, பேத்தியைத் தூக்குவார். மாளிகையில் அவன் பாஸ்போர்ட் அலமாரியிலேயே இருந்தது. லீவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 2009 வரை ஒரு நாள்கூட எழுதப்படவில்லை. அந்த வருஷம் கபீல், நல்ல தொழிலாளி என்று கையெழுத்துப் போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்.

லுக்மான் மட்டும் ஒருமுறை சாதிக் பாட்ஷாவைப் பார்க்க வந்தபோது வருத்தப்பட்டான். முந்தின நாள் துபாயிலிருந்து அஜ்மானுக்குத் திரும்ப அவனுக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அல் இத்திஹாத் ரோட்டில் காருக்குள் உட்கார்ந்தபடியே அப்ஸானா என்கிற தன் மூத்த மகளின் பத்தாவது பிறந்தநாளைத் தவறவிட்டிருந்தான். நாகலிங்கத்தின் கணக்கு அன்றும் இரண்டு மணி இருபது நிமிஷம்தான். அந்த ஆறு துபாய்ப் பக்கம் வருமா என்று லுக்மான் கேட்டான். நாகலிங்கம் டேக்ஸாவைக் கவிழ்த்து ஈரம் வடியவிட்டுக்கொண்டே, “வராது பாய், அது எங்க ஊருக்கு மட்டுந்தான் போகுது,” என்றான். அதில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று இருவருக்கும் பட்டது. அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்குப் பாத்தி கட்டப் போனான். இவன் காரை எடுத்துக்கொண்டு டிராஃபிக்குக்குப் போனான்.