கடிதத்தில் நடந்து வந்தவர்கள்

என் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுத வராது. கல்யாணத்துக்கு முன்னால் பட்டாளத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு கடிதம் போட்டார். அதில் பாதி அங்கே போடும் சாப்பாட்டைப் பற்றி, மீதி அவருடைய பூட்ஸைப் பற்றி. அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். எல்லையில் சண்டை மூண்டு, போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனி கடிதம்தான் என்று தகவல் வந்தபோது பயந்துபோனேன். அந்தப் பயத்திலும், இந்த மனுஷன் என்னத்தை எழுதிக் கிழிக்கப்போகிறார் என்று எரிச்சலாகவும் இருந்தது.

முதல் கடிதம் வந்தது. இருக்கும் இடத்தை எழுதக் கூடாதாம், பார்த்ததையும் எழுதக் கூடாதாம். "வேற என்ன எழுதறதுன்னு தெரியல புள்ள. அதனால நான் ஊட்டுக்குக் கிளம்பிட்டேன்" என்று தினேஷ் எழுதியிருந்தார். கடிதத்திலேயே, எங்கள் ஸ்டாப்பான கொட்டச்சேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியாயிற்று. டீக்கடையில் வடை தீர்ந்துபோயிருந்தது. எஸ்டேட் கேட்டைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் இடம் வரை நடந்துவிட்டார். "பேப்பர் முடிஞ்சுது. மீதிய அடுத்ததுல நடக்கறேன்."

என் மாமியார் அருக்காணிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "மழ வர்ற மாதிரி இருக்குதே, கொடை எடுத்தானாமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கைவீசி நடந்தால் அரை மணியில் வீடு வந்துவிடும். அவருக்கு ஒரு மழைக்காலமே பிடித்தது. நானும் பதில் போட்டேன். "ஓடைப் பாலத்துல கைப்பிடி ஒடஞ்சு போச்சுங்க, ஓரமா வராதீங்க. நீங்க எழுதுன பலா மரம் இப்ப இல்ல. வெட்டிப்போட்டு ரிசார்ட்டுக்கு வழி உட்டுட்டாங்க, சுத்தித்தான் வரணும்." அடுத்த கடிதத்தில் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுற்றித்தான் வந்தார். நேரில் ஒருநாளும் அப்படிக் கேட்ட ஆள் இல்லை.

பாலத்துக்கு அப்பால் அவரோடு ஓர் ஆள் சேர்ந்துகொண்டார். எல்வின் என்று பேர். கன்னியாகுமரிப் பக்கம் கடலோரத்துக்காரர், இவரோடு ஒரே பங்கரில் இருப்பவர். "நான் எழுதறத எட்டி எட்டிப் பாக்கறான். காபிச் செடியையே கண்டதில்லையாம். அவனையும் கூட்டியாறேன். ஊட்டுல நல்ல காபி கெடைக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன், மானத்த வாங்கிராத." நான் எழுதினேன்: "அண்ணனத் தாராளமாக் கூட்டிட்டு வாங்க. உங்களுக்குத்தான் காபி கெடையாது."

ஒரு கடிதத்தில் காட்டெருமை வழியை மறித்துக்கொண்டது. அது நகரும் வரை நிற்பதாக எழுதினார். அதோடு வாரக்கணக்கில் கடிதமே இல்லை. அந்த எருமையை நான் வையாத வசவு இல்லை. அத்தை தினமும் விளக்கு வைத்துவிட்டு, "இன்னும் நிக்குதா அந்தச் சனியன்?" என்று கேட்பார். பிறகு ஒரு வரி வந்தது. "போயிருச்சு. எங்களுக்கு ஒன்னும் ஆகல." அன்றைக்கு நாங்கள் இருவரும் பாயசம் வைத்துக் குடித்தோம்.

டிவியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வழியில் காபிக் காய் பச்சையாகத் திரண்டிருந்தது. நான் எங்கள் வழியைத்தான் நம்பினேன், இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். எஸ்டேட்டில் நான் களை வெட்டும்போது மேகம் இறங்கிச் செடி, மரம், பக்கத்தில் நிற்கும் ஆள் எல்லாம் மறைந்துபோகும். அந்த வெள்ளைக்குள் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டு வருவது போலக் கேட்கும். அவர்கள் எந்த வளைவில் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நிமிர்ந்து பார்ப்பேன்.

கடைசியாக வந்த கடிதத்தில் இருவரும் காபி காயப்போடும் களத்தைத் தாண்டிவிட்டார்கள். "ஊட்டு வெளக்கு தெரியுது. எல்வின் இப்பவே பூட்ஸக் கழட்டறான். நாளைக்கு உள்ள வந்துருவோம்." அத்தை அன்றிலிருந்து இரண்டு பேருக்குச் சோறு கூட வடித்தார். அடுத்த கடிதம் வரவே இல்லை. சண்டை நின்றது. போனில் ஒருநாள், "நல்லா இருக்கேன், லீவுல வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஐப்பசி மழையில் பையோடு வந்து நின்றார். அத்தை கட்டிக்கொண்டு அழுதார். இவர் வாசற்படி ஏறவில்லை. "சித்த இங்கயே இருக்கறேன்" என்று துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் அங்கே, தூக்கமும் கூரை ஓரத்தில் பாய் விரித்து. "எல்வின் அண்ணன் எப்படி இருக்காருங்க?" என்று கேட்டேன். எழுந்து களத்துப் பக்கம் போய்விட்டார். எல்வின் இல்லை என்று எனக்குப் புரிந்துபோயிற்று. ஆனால் அதற்கும் இவர் வீட்டுக்குள் வராததற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு வீட்டுக் குழம்பு வாசம் எல்லா வீட்டுக்கும் போகும், இது போகாதா? பக்கத்து வீட்டு கலா, "ஊட்டுக்குள்ளயே சேக்கறதில்லியா கனகா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு திரும்பி வந்த புருஷன் என்னிடம் மட்டும் வந்து சேரவில்லையே என்று துக்கமாகவும் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் மழை கொட்டோகொட்டென்று கொட்டியது. அப்போதும் அந்தக் கல்லிலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன்? ஊட்டுக்குள்ள என்ன புலியா இருக்குது?"

"உம் மேல ஒன்னுமில்ல கனகா. அவன இங்க வரைக்கும் கூட்டியாந்துட்டேன். உள்ள வர்றதுக்குள்ள போயிட்டான். அவன வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் எப்படி உள்ள வர்றது?"

எங்கள் வீட்டில் விருந்தாளியை முன்னால் விட்டுத்தான் வீட்டு ஆள் பின்னால் நுழைவார். இந்த விஷயத்தில் அத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. விருந்தாளி வந்திருக்கும்போது அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். மகனுக்கு முன்னால் வைக்கவில்லை, பக்கத்தில், ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு வைத்தார். "வா சாமி. நொம்ப தூரம் நடந்து வந்திருக்கற. கை காலு கழுவிக்கிட்டு உள்ள வா கண்ணு."

"வாங்கண்ணா," என்றேன் நானும். "இதுதானுங்க எங்க ஊடு. வாசக்காலு தலையில இடிக்கும், குனிஞ்சு வாங்க."

தினேஷ் எழுந்தார். வாசற்படியில் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார். ஓர் ஆள் நுழையும் நேரம் பொறுத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்தார்.

நான் மூன்று டம்ளரில் காபி ஊற்றினேன். "எல்வினுக்குச் சக்கர போடாத" என்றார். அதைச் சொல்லி முடித்ததும் உடைந்துபோய் அழுதார், குழந்தை மாதிரி சத்தம் போட்டு. அத்தை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது டம்ளர் ஆறும் வரை நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவரே பேனாவும் பேப்பரும் கேட்டார். எல்வினின் அம்மாவுக்கு இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அன்புள்ள அம்மாவுக்கு" என்று எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெயில் வந்து தரையில் விழுந்தது.

"என்ன புள்ள எழுதறது? அங்க நடந்தத எழுத என்னால ஆகாது."

"எங்க ஊட்டுக்கு வந்திருந்தாரு, காபி குடிச்சாருன்னு எழுதுங்க," என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.