பூக்கொம்பு எழுத்து

எங்கள் அச்சகத்தில் பெரிய மர எழுத்து ஒரு பெட்டி இருந்தது. கனத்த உடம்பு, ஒவ்வொரு முனையிலும் கொடி சுருண்டு பூ விரிந்திருக்கும். முதலாளி ஜெய்னுலாபுதீன் அதை மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து வாங்கி வந்தார். நான் அங்கே எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். அதற்குப் பூக்கொம்பு என்று பெயர் வைத்தவனும் நானே. பார்த்த நாளே எனக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் என்றுதான் முதலாளி வாங்கினார். ஆனால் முதலில் வந்த வேலை ஒரு பெரிய மனிதரின் கண்ணீர் அஞ்சலி. பெயரைப் பூக்கொம்பில் போட்டேன். காரைக்கால் சுவரெல்லாம் அவர் ஜொலித்தார். அதோடு சரி. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் அந்த எழுத்துதான் வேண்டும் என்றார்கள், மற்றவர்கள் அதைக் கிட்டவே சேர்க்கவில்லை. நாலே வருஷத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தூரத்தில் பார்த்தே "யாரோ போய்ட்டாங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும் நிலைமை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வளவு அழகான எழுத்துக்கு வேறு வேலையே இல்லையா?

1983-இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் காரைக்கால்மேட்டு அல்லி, என் அத்தை மகள். அவளைத் தவிர வேறு யாரையும் நான் நினைத்ததே இல்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு எனக்கு நானே வாழ்த்து போஸ்டர் அடித்துக்கொண்டேன். கீழே 'நண்பர்கள்' என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? உச்சியில் என் பெயர், மாரிக்கண்ணு என்று முழ நீளத்துக்குப் பூக்கொம்பு. சிவப்பு மை தீர்ந்திருந்தது, கறுப்பிலேயே அடித்தேன். சாயங்காலம் காரைக்கால்மேட்டு மீன் ஏலக் கொட்டகையில் ஒட்டிவிட்டு, பட்டினச்சேரியில் என் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான்.

விடியலில் கடலுக்குப் போக வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் பெயரைப் படித்தார். மீதியைத்தான் எழுத்தே சொல்லிவிட்டதே, யார் மெனக்கெட்டுப் படிப்பது? சாவு என்றால் அன்று கடலுக்குப் போவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊர் மாப்பிள்ளை ஆகப்போகிறவன் போய்விட்டான் என்று ஒரு படகும் இறங்கவில்லை.

நான் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். மீன் லாரி ஒன்று வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அல்லியின் அப்பா கருப்பையன் மாமா. கையில் மாலை, முகமெல்லாம் கண்ணீர். பின்னால் மாரில் அடித்துக்கொண்டு பெண்கள், நடுவில் அல்லி. என்னைப் பார்த்ததும் ஒப்பாரி பாதியில் நின்றது.

"டேய், உசுரோடதான் இருக்கியா?" என்றார் மாமா.

"டீ குடிக்கிறீங்களா மாமா?" என்றேன்.

நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னதும் மாமாவின் அழுகை கோபமாகிவிட்டது. "சாவு எழுத்துல தம் பேரத் தானே போட்டுக்கிட்டவனுக்குப் பொண்ணக் குடுத்தா வெளங்குமாடா? இந்தக் கல்யாணம் நடக்காது, போ!"

இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அல்லி இல்லாமல் நான் என்ன செய்வேன்?

அல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்தாவது வரை படித்தவள். யாரோ உரித்துக் கொண்டுவந்திருந்த போஸ்டரை வாங்கி விரித்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"எம் பேரு மட்டும் ஏன் மச்சான் எறும்பாட்டம் இருக்கு?"

உண்மையைச் சொல்வதானால், அவள் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த எழுத்துல ஒம் பேரும் வேணுமாடி ஒனக்கு?" என்று மாமா கத்தினார்.

"வேணும்ப்பா. அம்மா செத்தப்ப மச்சான்தான் அவங்க பேர இந்த எழுத்துல கோத்தாங்க. பூவாயின்னு எம்மாம் அழகா இருந்துச்சு! ஊரே நின்னு பாத்துச்சு, அம்மா பாக்கல. எம் பேர நான் பாத்துடணும்ப்பா."

அத்தை இருந்தவரை மாமா அவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ புள்ள' என்பதோடு சரி. அன்று உதட்டுக்குள் ஒருமுறை "பூவாயி" என்று சொல்லிப் பார்த்தார், எனக்குக் கேட்டது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அல்லின்னு போட எவ்வளவு நேரமாவும்?"

"ஒரு மணி நேரம் மாமா."

"அப்பறம் என்ன நின்னுக்கிட்டு இருக்க? வண்டில ஏறு."