லெட்சுமணன் உபயம்

...வெறும் தகரமாகவே விட்டிருக்கலாம், மண்ணெண்ணெய்த் தகரம், மூடியை வெட்டி, அடியில் நாலு ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, அதோடு நிறுத்தியிருக்கலாம், எழுதச் சொன்னது யார், முனியாண்டி சாமியா வந்து பேர் எங்கே என்று கேட்டார்... காளியப்பன் கோர்ட்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். ஏறுவது என்ன, வலது காலை வைத்து இடது காலை இழுப்பது, அவ்வளவுதான். இந்த மேட்டு ரோடும் அவன் கை பட்டதுதான், கல் பரப்பினது, தார் ஊற்றினது, அதோ அந்த வளைவில்தான் லெட்சுமணன் புறங்காலில் கொதிக்கிற தார் தெறித்தது, கத்தாமல் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தான், அப்படிப்பட்டவன்... முன்னால் கருப்பாயி போய்க்கொண்டிருந்தாள், அந்த லெட்சுமணனின் பெண்டாட்டி, கையில் தூக்குச்சட்டி, சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும். லாக்கப்பில் இருப்பவனுக்குக் கொடுக்க விடுவார்களோ மாட்டார்களோ, எழுந்ததும் முதல் வேலையாக ஆக்கிவிட்டாள். பத்து நடைக்கு ஒரு தரம் நின்று திரும்பினாள். “மெதுவா வாங்கண்ணே, இன்னும் மணி அடிக்கல.” அவள் அண்ணே என்று கூப்பிடும்போதெல்லாம் காளியப்பனுக்குத் தொண்டையில் ஏதோ முள் நிற்கிற மாதிரி இருந்தது. பத்து நாளாக நிற்கிறது. இன்றைக்கு எடுத்துப் போட்டுவிடலாம், அதற்குத்தானே போகிறோம், அதற்கா போகிறோம்? மண்டோர் ஐயாசாமி அனுப்பியது அதற்கு இல்லை. ரோட்டு வேலைக் கூலிகளை மேய்க்கிற மண்டோர் அரை நாள் லீவு கொடுத்து, “லெட்சுமணன் நல்லவன்னு ஒரு ஆள் சொன்னா கொஞ்சம் கொறைப்பாங்க, நீதான் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன், போயிட்டு வா, கூடுதலா ஒண்ணும் பேசாதே” என்றுதான் அனுப்பினார். கூடுதலாக ஒன்றும் பேசாமல்தான் ஐம்பது வயது வந்திருக்கிறது.

ஆடியில் லெட்சுமணனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, மூன்று வாரம் விடவில்லை, கூலிகள் குடியிருக்கிற லயத்தில் அவன் காம்பராவுக்கும் காளியப்பன் காம்பராவுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான், பல் அடித்துக்கொள்கிற சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும், கருப்பாயி சாக்கை எடுத்துப் போர்த்துகிற சத்தமும் வரும். அப்போதுதான் காளியப்பன் வேண்டிக்கொண்டான். இவனை எழுப்பிவிடு முனியாண்டி, உனக்குப் பிடித்த செடியை உன் மேடைக்குப் பக்கத்திலேயே வளர்த்து வைக்கிறேன், கொடை அன்றைக்கு உன் சிலும்பியில் வைத்துப் புகைக்க வேறு எங்கேயும் அலைய வேண்டாம். வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அவனும் சொல்லவில்லை. லெட்சுமணன் எழுந்துவிட்டான். தம்போயிலிருந்து வருகிற வண்டிக்காரன் ஒருவனிடம் விதை வாங்கி வந்து தகரத்தில் போட்டதும் யாருக்கும் தெரியாது. வேண்டுதல் யார் உயிருக்கோ உபயம் அவர் பேரில், எந்த ஊர்க் கோயில் விளக்கிலும் அப்படித்தானே பேர் வெட்டியிருக்கிறது, அதனால் மூங்கில் குச்சியைத் தாரில் தொட்டு லெட்சுமணன் உபயம் என்று எழுதினான். அவன் எழுதக் கற்றே ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கற்றுக்கொடுத்ததும் லெட்சுமணன்தான், ஓய்வு நாளில் மண்வெட்டி முதுகில் கரித்துண்டால் எழுதிக் காட்டுவான், பிழை வந்தால் உள்ளங்கையால் அழிப்பான். இருபது வருஷமா கண்டவன் நீட்டின தாளிலெல்லாம் ரேகை வச்சிருக்கீங்களேண்ணே, எதுக்கு வச்சோம்னு ஒரு தடவையாவது தெரியுமா என்பான். தெரியாது. முதலில் தன் பேர் வந்தது, இரண்டாவது லெட்சுமணன் பேர் வந்தது. தகரத்தில் எழுத்தைப் பார்த்ததும் லயத்தில் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது, எனக்கு எழுது உனக்கு எழுது என்று வந்து நின்றார்கள், சாமந்தி அங்கம்மா உபயம், துளசி செல்லப்பன் உபயம், அரளி மண்டோர் உபயம், மேடையைச் சுற்றி ஒன்பது தகரம், ஒன்பதிலும் காளியப்பன் எழுத்து. எட்டில் பூவும் துளசியும். ஒன்றில் அது.

ஒரு மாதமாக டவுன் முழுக்க இதே பேச்சாகத்தான் இருந்தது. புது இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறானாம், கஞ்சாவைத் தேடிக் காட்டுக்குப் போகவில்லை, வீட்டுப் பின்பக்கமாக வருகிறான், முதலில் ரயில்வே லயம், அப்புறம் ஸ்தூலாங் கடலோரம், அப்புறம் தெப்ராவ் ரோட்டு மாட்டுக்கொட்டாய்கள், செங்கல் சூளை, வண்ணார் துறை... குடித்தவனை விட்டாலும் வளர்த்தவனை விடமாட்டானாம், வளர்த்ததற்குத்தான் பெரிய கேஸாம். மிளகாய்ச் செடிக்கு நடுவிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினார்கள். எல்லாரும் இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டு ஒரே பதில்தான் சொன்னார்கள், யாரோ துப்பின விதை, தானா முளைச்சது துவான். தானாக முளைத்ததற்கு யாரைப் பிடிப்பது, பாதி இடத்தில் செடி மட்டும் போயிற்று, ஆள் போகவில்லை. இந்த லயத்துக்கு வந்தபோதும் மண்டோர் அதைத்தான் சொன்னார், சாமியோட செடி துவான், யாரும் வச்சதில்ல. போலீஸ்கார மாத்தா-மாத்தாக்கள் இரண்டு பேர் அதைப் பிடுங்கப் போனார்கள். கோர்ட்டில் மொழிபெயர்க்கிற துபாஷி கேப்ரியலும் கூட வந்திருந்தார், தமிழர்தான், அவர் குனிந்து தகரத்தைக் கைத்தடியால் திருப்பினார். நிறுத்தி நிறுத்திப் படித்தார். நிமிர்ந்து, “சாமி எப்ப லெட்சுமணன்னு பேரு மாத்திக்கிட்டாரு?” என்றார். காளியப்பன் தார் வாளியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். நான் வச்சது துவான், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயில் புகையிலை இருந்தது, துப்பிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். துப்பினான். வாயைத் துடைத்தான். அதற்குள் லெட்சுமணன் இரண்டு கையையும் நீட்டிவிட்டான். புகையிலை துப்ப எவ்வளவு நேரம் ஆகும்... அன்றைக்கு ஏன் துடைத்தான்? துடைக்காமலேயே சொல்லியிருக்கலாமே.

கைவிலங்கு மாட்டும்போது லெட்சுமணன் காளியப்பனைப் பார்க்கவில்லை, கருப்பாயியைத்தான் பார்த்தான். ஏன் என்று இந்த மேட்டில் வைத்துத்தான் தெரிந்தது. வளைவில் நின்று மூச்சு வாங்கும்போது கருப்பாயி சொன்னாள், முந்தாநாள் லாக்கப்புக்குப் போனேண்ணே, உன் பேரை நான் எடுக்கலேங்கறாரு, பயப்படாதேங்கறாரு, என் பேரை எதுக்குண்ணே எடுக்கணும்? செடியை வச்சது அவரு, சொல்லாமக் கொள்ளாம வச்சுட்டு... காளியப்பன் வளைவுக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். லெட்சுமணன் பெண்டாட்டி வேண்டிக்கொண்டு வைத்தது என்று நினைத்துக் கையை நீட்டியிருக்கிறான். இவள் புருஷன் வைத்தது என்று நினைக்கிறாள். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை, வேண்டுதலைக் கேட்கக் கூடாதே. நடுவிலே ஒருத்தன் இருப்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, அவன் சும்மா எழுதிக் கொடுக்கிறவன். இப்போது சொன்னால் என்ன, இந்தக் கல்லில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம், கருப்பாயி, அது நான்... “முட்டி வலிக்குதாண்ணே?” என்றாள். ஆமாம் என்றான். வலித்ததும் உண்மைதான். அந்தச் செடி வளர்ந்ததிலிருந்து இரண்டு இரண்டு இலையாகக் கிள்ளி, நல்லெண்ணெயில் வதக்கி, துணியில் வைத்து முட்டியில் கட்டிக்கொள்வான், சாமிக்கு வைத்ததில் கை வைக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே கிள்ளுவான். செடி போய்ப் பத்து நாளாயிற்று, இன்னும் அதே துணியைத்தான் கட்டியிருந்தான், சாறு ஊறிப் பச்சையாகக் காய்ந்த துணி, வேட்டிக்குள்ளே இப்போதும் இருக்கிறது. அந்த வாசத்துக்கே கொஞ்சம் அடங்கும். ஜெயிலில் கல் உடைக்கச் சொல்வார்களாம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு குத்தவைத்துக் கல் உடைப்பதா, வெளியே வந்ததும் ஊருக்கே திருப்பிக் கப்பல் ஏற்றிவிடுவார்களாமே, ஏறி எங்கே இறங்குவது, அங்கே பேர் சொன்னால் யார் வீட்டு ஆள் என்று கேட்பார்கள். லெட்சுமணனுக்கு முப்பது வயது, தாங்குவான். தாங்குவானா? மழை தொடங்கினால் காய்ச்சல் திரும்பும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். மழை இன்னும் இரண்டு வாரத்தில்.

கோர்ட்டுத் தாழ்வாரம் நிறைய டவுனின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள், ரயில்வேக்காரன் ஒருவன், சூளைக்காரர்கள் இரண்டு பேர், தெப்ராவ் ரோட்டுப் பால்காரி பேச்சியம்மாள். அவள் பயந்ததாகவே தெரியவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டு வந்தவனிடமெல்லாம் தன் கேஸைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “என் எருமைக்கு வயிறு ஊதிப்போச்சு, அதுக்குத்தான் குடுத்தேன். வேணும்னா எருமையைக் கூட்டியாரேன், கேட்டுக்கங்கன்னேன், மாத்தா அடிக்க வந்துட்டான்.” எல்லாரும் சிரித்தார்கள், கருப்பாயிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டதும் பேச்சியம்மாளின் மச்சான் முந்திக்கொண்டு எழுந்து, செடி என்னோடது, அவளை விடுங்க என்றான். எந்த மூலையில், எத்தனை செடி என்று கேட்டதற்கு அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாஜிஸ்ட்ரேட் துரைக்குக் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து இவன் மூன்றாவது ஆள், அடுத்தவன் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு இனி எவனும் இங்கே வரவேண்டாம் என்கிறார் என்று துபாஷி கேப்ரியல் தமிழில் உரக்கச் சொன்னார், சொல்லும்போது கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை காளியப்பன் மேலும் பட்டுக் கடந்தது... கடந்து போகட்டும் என்றுதான் காத்திருந்தானோ?

லெட்சுமணன் இளைத்துப் போயிருந்தான். மேஜை மேல் அந்தத் தகரம் இருந்தது, செடி வதங்கி விளிம்பில் தொங்கியது, எழுத்து கூட்டத்தைப் பார்த்து இருந்தது, தன் எழுத்து இவ்வளவு பெரிதா என்று காளியப்பனுக்கே பட்டது. கேட்டதற்கெல்லாம் லெட்சுமணன் ஆமாம் என்றான். காளியப்பனைக் கூப்பிட்டார்கள். நல்லவனா என்றார்கள், நல்லவன். வேலையில் எப்படி, ஒரு குறை சொல்ல முடியாது. சரி, போகலாம். அவன் போகவில்லை. கால் நகரவில்லை என்று சொல்லலாம், இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை என்றும் சொல்லலாம். “செடி நான் வச்சதுங்க” என்றான். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. கேப்ரியல் துரையிடம் அதை உடனே சொல்லவில்லை, கோபமும் படவில்லை, சலித்துப்போன மனுஷனாகக் கேட்டார், “தகரத்துல எழுதினது யாரு?” நான்தாங்க. “ஒம்பது தகரத்துலயும் நீதானே எழுதினே?” ஆமாங்க. “அப்ப அங்கம்மா சாமந்தியும் நீ வச்சதுதானா?” கூட்டம் சிரித்தது. பேச்சியம்மாள் சிரிப்பு தனியாகக் கேட்டது. காளியப்பன் கை வேட்டி ஓரத்துக்குப் போயிற்று. தூக்கிக் காட்டினால் போதும், பச்சைக் கறை படிந்த துணி, முகர்ந்து பாருங்க துவான், இது யார் முட்டி, இது யார் செடி... கை ஓரத்தைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது. கூண்டிலிருந்து லெட்சுமணன், “வேணாம்ண்ணே” என்று மெல்லத் தலையை ஆட்டினான், கண் நிறைந்திருந்தது, தனக்காகப் பொய் சொல்ல வந்தவனைப் பார்க்கிற கண். கை வேட்டியை விட்டது. மூன்று மாதம் என்றார்கள். சாட்சி சொன்னதற்குத் தாள் வந்தது, குமாஸ்தா பழக்கத்தில் மைப்பெட்டியைத் தள்ளினான், ரேகை வைக்க. அப்போதும் லெட்சுமணன்தான் பேசினான், “அவரு கையெழுத்துப் போடுவாருங்க.” காளியப்பன் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, கூட்டம் முழுக்கக் காத்திருக்க, காளியப்பன் என்று எழுதினான். அழகாகவே வந்தது.

வெளியே வெயில் ஏறியிருந்தது. கருப்பாயி கொஞ்ச நேரம் கழித்து வந்தாள், சாப்பிட விட்டார்களாம், பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டாராம், அண்ணனுக்குக் குடு, காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாருன்னாராம். சட்டியை அவன் கையில் கொடுத்தாள். “கூடப் பொறந்தவன்கூட இப்படி வந்து நிக்கமாட்டான்ண்ணே, லயத்துல ஒவ்வொரு காம்பராவாப் போய்ச் சொல்லுவேன்.” சொல்லுவாள், நாளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் எழுந்து வழிவிடுவார்கள், மண்டோர்கூடத் தோளில் கை போடுவார். “அது பொய் இல்ல, கருப்பாயி” என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “தெரியும்ண்ணே” என்றாள். பிறகு இறங்கத் தொடங்கினாள், ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காமல். என்ன தெரியும்? எது தெரியும்? கூப்பிட்டுக் கேட்கலாம், நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம்... சட்டி கனத்தது, பாதிச் சோறு இவ்வளவு கனக்குமா. மேடு ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு ஆகாது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை வைத்தான், இடது காலை வைத்தான், வளைவு வந்தது, அந்தக் கல்லும் வந்தது, உட்காரத் தோன்றவில்லை. அப்போதுதான் கவனித்தான், வலிக்கவில்லை. குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தான், காய்ந்த துணிதான், இலையும் இல்லை சாறும் இல்லை. எப்போதிருந்து வலிக்கவில்லை? கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்களே, ஒருத்தரும் நம்பவில்லை என்று தெரிந்ததே, அப்போதிருந்தா...