கோணல் லேபிள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் பொழுது விடிவது சூரியனால் அல்ல, சங்கு ஊதுவதால். முதல் ரயிலில் வந்து இறங்கிய பெண்கள் சாலைப் புழுதியை முகத்திலிருந்து கழுவுவதற்குள் மிஷினில் பாட்டில்கள் வரத் தொடங்கிவிடும். கழுவிய சூடு ஆறாத பாட்டில்கள். அவற்றை எடுத்து எடுத்துக் கிறிஸ்டினாவின் விரல்களில் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷின் அவளை அவளென்று ஒப்புக்கொள்வதில்லை. தெறிக்கும் சர்க்கரைப் பாகு முழங்கை வரை ஒட்டும். மத்தியானம் குழம்புச் சோறு பிசைந்தாலும் இனிக்கும், கருமம்.

அந்தக் கம்பெனி செய்தது வலிப்பு வரும் குழந்தைகளுக்கான சிரப். முதலாளி சந்திரமோகனுக்கு நெற்றியில் சந்தனம், வாயில் தர்மம். லேபிள் கோணலாக ஒட்டிக்கொண்ட பாட்டில்களைக் கடைக்கு அனுப்ப முடியாது. குப்பையில் கொட்டவும் அந்த மகாபிரபுவுக்கு மனசு வராது. கிறிஸ்டினாவின் மகன் பென்னிக்கும் அதே வலிப்பு என்று கேள்விப்பட்டதும், "கோணல் பாட்டிலெல்லாம் நீயே எடுத்துட்டுப் போம்மா" என்று வாரி வழங்கினார். அவளும், பாவம், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லி வந்தாள்.

அந்த மருந்தைக் குடித்த பென்னிதான் இப்போது சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். சில நாட்களாகவே குடிகாரனைப் போலத் தள்ளாடினான், கதவில் மோதினான், நாக்குக் குழறினான். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "மருந்து அளவுக்கு மேல ஏறியிருக்கு. அளந்து கொடுக்கத் தெரியாதாம்மா உனக்கு?" என்று கத்தினார். ஒரு சொட்டுக்கூட அவள் கூட்டிக் கொடுத்ததில்லை. ராத்திரியெல்லாம் அந்தக் கேள்வி அவளை அறுத்தது. தங்கையைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு ரயிலேறி வந்தவள், கெமிஸ்ட் அன்புராஜ் உள்ளே நுழைந்ததும் கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டு அவனை மறித்தாள்.

"பாட்டிலுக்குப் பாட்டிலு மருந்து மாறுமா சார்?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "தொட்டில கலக்குற மோட்டாரு எரிஞ்சி போச்சிக்கா. தீபாவளிக்கு முன்னாடியே. மருந்துத் தூளு அடியில போயி உக்காந்துக்குது. கொழாயும் அடியிலதான கீது? காத்தால புடிக்கிறது கெட்டியா வரும். சாய்ந்தரம் வெறும் பாகு."

"தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு இருந்தியா?"

"மொதலாளிகிட்ட சொன்னேன்க்கா. ஒன்ன மாதிரி நூறு கெமிஸ்ட் கெடைப்பான்னாரு."

படித்த படிப்பைச் சம்பளத்துக்கு அடகு வைத்த பிறவி! அவனைத் திட்ட வாயெடுத்த கிறிஸ்டினா அப்படியே நின்றாள். லேபிள் எப்போது கோணும்? காலையில் மிஷினைப் போட்டதும், கோந்து சூடேறும் வரைக்கும்தான். அப்படியானால் பென்னிக்குக் கொடுத்ததெல்லாம் தொட்டியின் அடியிலிருந்து முதலில் வந்தது. தர்மப் பிரபு கொடுத்த இனாம் விஷமாக இருந்திருக்கிறது. ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். மிஷின் நின்றது.

"இன்னாடி ஆச்சு?" என்று பேக்கிங்கிலிருந்து செண்பகம் ஓடி வந்தாள். கிறிஸ்டினா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அப்ப சாய்ந்தரம் புடிக்கிற பாட்டிலு?"

"அதுல மருந்தே கெடையாது. அதக் குடிக்கிற கொழந்திக்கி வலிப்பு நிக்காது."

செண்பகம் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள்.

காரிலிருந்து இறங்கும்போதே சந்திரமோகன் கத்தினார். "எவ மிஷினை நிறுத்தினது?"

"நான்தான் சார்."

விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார் மனுஷன். "பாட்டில்ல என்ன போட்டிருக்கு? நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும். குலுக்காமக் கொடுத்தது உன் தப்பு."

"பாட்டில நான் குலுக்குனேன் சார். தொட்டிய யாரு குலுக்குறது?"

பின்னாலிருந்து எவளோ களுக்கென்று சிரித்தாள். முதலாளியின் காது சிவந்தது. உடனே குரலைக் குழைத்தார்.

"இதோ பாரும்மா, உன் பையனுக்கு நல்ல கம்பெனி மருந்தா மாசாமாசம் நானே வாங்கித் தர்றேன். மிஷினைப் போடு."

ஒரு நொடி அவள் மனசு ஆடிப்போயிற்று, பொய் சொல்வானேன்? பிள்ளையைப் பெற்றவள். ஆனால் வாசலில் லாரி உறுமியது. நேற்று பிடித்த சரக்கு, பள்ளிப்பட்டுப் பக்கத்து மருந்துக் கடைகளுக்கு.

"நல்ல கம்பெனி மருந்தா? அப்ப இது இன்னா கம்பெனி சார்? அந்த லாரில போறது யாரு கொழந்திக்கி?"

அவள் வாசலுக்கு ஓடினாள். திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை செருப்புச் சத்தமும் பின்னால் வந்தது. பெண்கள் லாரிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கடைசியாக அன்புராஜும் வந்து நின்றான். "இந்தச் சரக்கு போகக்கூடாது சார்" என்றான். போகட்டும், வந்தானே.

"எல்லாரும் இன்னையோட வெளியே! தேசப்பா, வண்டியை எடுடா! நகருவாளுங்க!"

டிரைவர் தேசப்பன் ஜன்னலில் தலையை நீட்டினான். "இதுல இன்னாம்மா கீது?"

"வலிப்பு வர்ற கொழந்திங்க மருந்து நைனா. ஒரு பாட்டிலு வெஷம், ஒரு பாட்டிலு வெறும் பாகு."

தேசப்பன் முதலாளியை ஒரு பார்வை பார்த்தான். எஞ்சினை அணைத்தான். இறங்கி வந்து சாவியைச் செண்பகத்தின் கையில் வைத்தான்.

சந்திரமோகன் போலீஸுக்குப் போன் போட்டார். வேலை போய்விட்டது, கேஸும் வரலாம். அவர்களுக்கு அது தெரியாமலில்லை. பக்கத்து இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, விஷயம் கேட்டு, அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"போலீஸ் வந்தா இன்னாடி சொல்றது?" என்றாள் செண்பகம்.

"வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். லாரியத் தொற. ஆளுக்கு ரெண்டு பாட்டிலு எடுங்க. பெட்டி மேல நேரம் போட்டுக்கீது, பாத்து எடுங்க. காத்தால புடிச்சது ஒண்ணு, சாய்ந்தரம் புடிச்சது ஒண்ணு."

ஜீப் வந்து நின்றபோது அத்தனை பேர் கையிலும் இரண்டு பாட்டில்கள் வெயிலுக்கு நேரே உயர்ந்திருந்தன. ஒன்றின் அடியில் வெள்ளையாக விரற்கடை உயரத்துக்கு வண்டல். மற்றதில் ஒன்றுமே இல்லை.