நிலாவெளிக்கு நேர் கிழக்கே

திருகோணமலைக் கடலில் படகு ஓட்டிமார் சொல்லும் பொய்களைக் கொண்டுவந்து கரையில் குவித்தால், கோணேசர் மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை எழும்பிவிடும். இத்தனைக்கும் அவர்கள் சொல்வது ஒரே ஒரு பொய்தான். எங்கே நிற்கிறாய் என்று வானொலியில் கேட்டால் நிற்கிற இடத்தைச் சொல்லமாட்டார்கள். மீன் படுகிற இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வலையை எதற்குப் போடுவது? வடக்கே நிற்பவன் தெற்கே என்பான். தெற்கே நிற்பவன் இன்னும் வலையே இறக்கவில்லை என்று சத்தியம் செய்வான். கேட்கிறவனுக்கும் அது பொய் என்று தெரியும். அதற்காக யாரும் யாரையும் கோபித்ததில்லை.

ஆகவே அன்று மத்தியானம் ஆழ்கடல் மீனவர் சங்கத்து வானொலியில் ஓட்டி ஜெனிஸ்டனின் குரல் கேட்டபோது, அங்கேயே வேலை செய்யும் அவன் பெண்சாதி தினுஷாவாலேயே அதை நம்ப முடியவில்லை.

"இஞ்சின் நிண்டிட்டுது. அடியால தண்ணி ஏறுது. மூண்டு பேர் நிக்கிறம். நிலாவெளிக்கு நேர கிழக்கால, பன்னிரண்டு மைல். கேக்குதோ? நிலாவெளிக்கு நேர..."

பிறகு வெறும் இரைச்சல். வானொலிக்கு மின்சாரம் கொடுத்த பற்றறி தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். சங்கத்தில் வானொலிக்குப் பொறுப்பான றம்லா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

துறைக்குள் சங்கத்து விரைவுப் படகு தயாராக நின்றது. தலைவர் இரத்தினசிங்கம் மழை உடுப்போடு கதவடிக்கு வந்தார்.

"நிலாவெளிதானே பிள்ளை? அனுப்பட்டே?"

"வேண்டாம் ஐயா," என்றாள் தினுஷா. தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை. "அவர் நிலாவெளி எண்டால் அங்க நிக்கமாட்டார். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து கேக்கிறன், ஒருநாளும் உண்மையான இடம் சொன்னதில்லை. வீட்டிலயும் சொல்லமாட்டார். அவர் தெற்கால, இலங்கைத்துறைப் பக்கம்தான் போயிருப்பார்."

"தண்ணி ஏறேக்கையுமோ பொய் சொல்லுவான்?"

"நாப்பது படகு கேட்டுக்கொண்டிருக்கேக்க சொல்லுறார் ஐயா. வாய் பழகிப் போச்சு."

இரத்தினசிங்கம் வெளியே பார்த்தார். வாடைக் காற்று எழும்பி, துறைமுகத்துக்கு உள்ளேயே வெள்ளை நுரை தெரிந்தது. ஒரு பக்கம் ஓடி ஏமாந்தால் திரும்பி மற்றப் பக்கம் ஓட எண்ணெயும் காணாது, வெளிச்சமும் காணாது. கடற்படைப் படகு வடக்கே வேறொரு தேடுதலில் நின்றது, வந்துசேர நேரமாகும். உள்ளது ஒரு படகு, ஒரு ஓட்டம்.

உண்மை தெரிந்த ஒன்று அந்த அறைக்குள் இருந்தது. ஒவ்வொரு படகிலும் சங்கம் ஒரு சின்ன ட்ரக்கர் பெட்டியைப் பூட்டியிருந்தது. தனக்கென்று மின்கலம் உள்ள பெட்டி. படகு நிற்கிற இடத்தை அது கூரையிலிருந்த அன்ரெனாவுக்கு அனுப்பும், அன்ரெனாவிலிருந்து மேசைக் கொம்பியூட்டருக்கு வரும். ஓட்டிமார் அதற்குச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். உயிர் ஆபத்து என்றாலொழிய அந்தத் திரையை யாரும் திறக்கக்கூடாது. திறந்தாலும் யாருடைய இடத்தையும் வானொலியில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கொம்பியூட்டரைப் பார்க்கும் வேலை தினுஷாவுடையது. தன் புருஷன் எங்கே என்று ஒருநாள்கூட அவள் அதில் எட்டிப் பார்த்ததில்லை.

அந்தக் கொம்பியூட்டர் அன்று விடிய விழுந்த இடியில் செத்துப் போயிருந்தது.

முழுதாய்ச் சாகவில்லை. இயங்குதளம் இருந்த வட்டு கருகிவிட்டது. ட்ரக்கர் மென்பொருள் இருந்த இரண்டாவது வட்டு உயிரோடு இருந்தது. காலையிலிருந்து தினுஷா அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆபத்துக்கென்று வைத்திருந்த யூஎஸ்பியிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடக்கி, இரண்டாவது வட்டையும் திறந்துவிட்டாள். ஆனால் மென்பொருள் ஓட மறுத்தது. சங்கத்துக்கு அதை எழுதிக் கொடுத்தவர்கள் பழைய லினக்ஸ் பதிப்பு ஒன்றை நம்பி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். யூஎஸ்பியில் இருந்ததோ புதிசு. காலையில் அது ஒரு தொல்லை மட்டுமாக இருந்தது. இப்போது அதில் மூன்று உயிர் தொங்கியது.

"வேற வழி இல்லையோ?" என்றார் இரத்தினசிங்கம்.

"இருக்கு. பழைய லினக்ஸை இந்த வட்டுக்குள்ளயே ஒரு மூலையில புதுசா நிறுவோணும். அடிப்படை மட்டும் போதும். பிறகு அதுக்குள்ள போய் மென்பொருளை ஓட்டலாம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது ஐயா. இணைய லைனும் இடியோட போச்சு. ஃபோன் டேட்டாதான்."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி. படகை மறிச்சு வைக்கிறன். கெதியா."

றம்லா தன் ஃபோனை எடுத்து, சிக்னல் கிடைக்கும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் ஃபோன், மறுகையில் வானொலி மைக்.

தினுஷா கறுப்புத் திரையில் ஒற்றை வரியைத் தட்டினாள். டெபூட்ஸ்ட்ராப் என்ற கருவி அது. எந்தப் பதிப்பு, எந்தக் கோப்புறைக்குள், எந்த முகவரியிலிருந்து என்று மூன்று விஷயம் சொன்னால் போதும். வெறும் கோப்புறைக்குள் ஒரு முழு லினக்ஸின் அத்திவாரத்தைப் போட்டுத் தந்துவிடும். படமும் இல்லை, பொத்தானும் இல்லை, எழுத்து மட்டும்தான்.

என்டர் தட்டியதும் பிழை வந்தது. அந்தப் பதிப்பு அந்த முகவரியில் இல்லையாம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? காலாவதியான பதிப்புகளை வழக்கமான சேவையகங்களிலிருந்து எடுத்துப் பழையவற்றின் களஞ்சியத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டாள். முகவரியை மாற்றி மறுபடி தட்டினாள். இம்முறை களஞ்சியம் பதில் சொன்னது, ஆனால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று கருவி நின்றுவிட்டது. வருகிற மென்பொருள் பொதி அசலா போலியா என்று பார்க்கும் சாவி அவளிடம் இல்லை. வேறு நாளென்றால் அதைத் தேடிப் பிடிக்காமல் ஓர் அடி எடுத்து வைத்திருக்கமாட்டாள்.

"ஆபத்துக்குப் பாவமில்லை," என்று முணுமுணுத்துவிட்டு, சரிபார்க்காமல் போகச் சொல்லி அந்த வரியில் இன்னொரு சொல்லைச் சேர்த்தாள்.

திரை அசைந்தது. ஒரு பொதியின் பெயர் வந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு வரியாக இறங்கத் தொடங்கியது.

இதற்குள் வானொலியில் கதை தொடங்கிவிட்டது.

"ஜெனிஸ்டன் நிலாவெளி எண்டு சொன்னால் நீங்கள் மூதூரைத் தேடுங்கோ," என்று ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனாலும் தினுஷாவுக்கு அந்த வாயைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

றம்லா மைக்கை அழுத்தினாள். "சிரிக்கிற நேரமில்ல வாப்பா. நிலாவெளிக்குக் கிழக்கால ஆராவது நிக்கிறியளா? சும்மா சுத்திப் பார்த்தாலும் போதும்."

ஒருவரும் நிற்கவில்லையாம். ஒருவர் புல்மோட்டையில், ஒருவர் வாகரைக்கு வெளியே. கடைசியாகப் பஸ்தியாம்பிள்ளை வந்தார். தினுஷாவின் மாதா கோவிற்பற்றுக்காரர், பூசைக்கு முதல் வரிசையில் முழங்காலில் நிற்கிறவர்.

"நான் இலங்கைத்துறைக்கு வெளியால நிக்கிறன் பிள்ளை. மனம் கேக்குதில்லை. ஆனா இந்தக் காத்துக்க அங்க வர ஏலாது. இஞ்ச சுத்திப் பார்த்தனான், அவன்ரை படகைக் காணேல்லை."

"கேட்டீங்களோ ஐயா, தெற்கால பார்த்திட்டார், இல்லையாம்," என்றாள் றம்லா.

இரத்தினசிங்கத்தின் முகம் கறுத்தது. "தெற்கிலயும் இல்லை, வடக்கையும் நம்பேலாது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது எண்டு சும்மாவோ சொன்னவங்கள்?" சொன்ன பிறகுதான் யாருக்கு முன்னால் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

பெரிய பொதி ஒன்றில் திரை நின்றது. தினுஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அசைவில்லை.

"ராத்தா, ஃபோன்!"

கை உளைந்து றம்லா ஃபோனைத் தாழ்த்தியிருந்தாள். "அல்லாஹ்வே," என்று கதிரையில் ஏறி நின்று, ஜன்னலுக்கு வெளியே மழைக்குள்ளேயே கையை நீட்டினாள். அவளுடைய சட்டைக் கை தோள்வரை நனைந்தது. திரையில் அடுத்த பெயர் விழுந்தது.

பொதிகள் இறங்கி முடிந்து, பிரிபட்டு, ஒவ்வொன்றாக அமரத் தொடங்கின. இனி இணையம் தேவையில்லை. பொறுமை மட்டும்தான் தேவை, அது அவளிடம் இல்லை. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும்? ஜெனிஸ்டனுக்கு நீந்தத் தெரியும். அவனோடு போன இருவரில் ஒருவனுக்குத் தெரியாது. மாதாவே, மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கண் திரையிலேயே நின்றது.

அடிப்படை அமைப்பு வெற்றியாக நிறுவப்பட்டது என்று கடைசி வரி வந்தது.

அவள் அந்தப் புதிய அமைப்புக்குள் நுழைந்தாள். மென்பொருளை ஓட்டினாள். அது ஓடியது! அடுத்த கணமே அன்ரெனா கருவியைக் காணவில்லை என்று சொல்லி நின்றது.

தினுஷா மேசையில் ஓங்கி அடித்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. புதுக் கோப்புறைக்குள் இருக்கும் லினக்ஸுக்கு வெளியே பூட்டியிருக்கும் கருவி எப்படித் தெரியும்? கருவிகள் இருக்கும் பகுதியை அதற்குள்ளும் இணைத்துவிட்டல்லவா நுழைய வேண்டும்? வெளியே வந்தாள், இணைத்தாள், மறுபடி உள்ளே போனாள். அவசரத்தில் ஒரே சொல்லை மூன்றுதரம் பிழையாய்த் தட்டினாள். அந்தத் திரையைத் திறக்க இரண்டு பேருடைய கடவுச்சொல் வேண்டும்; உள்ளே வந்த இரத்தினசிங்கமும் அவளும் ஆளுக்கொன்றைக் கொடுத்தார்கள்.

வரைபடம் திறந்தது. வெறும் கடல். பிறகு ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. படகுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் உண்மையைச் சொல்லத் தொடங்கின.

ஜெனிஸ்டனின் புள்ளி நிலாவெளிக்குக் கிழக்கே விழுந்தது. சொன்ன இடத்திலிருந்து நீரோட்டம் கொஞ்சம் தெற்கே இழுத்திருந்தது, அவ்வளவுதான்.

கடலில் போன காலம் முழுக்கப் பொய் சொன்ன மனிதன் இன்றைக்கு நாற்பது படகு கேட்க உண்மையைச் சொல்லியிருக்கிறான். அதற்காக அனுப்பவிருந்த படகை மறித்து வைத்தவள் அவள். வேறு யாருமில்லை.

"ஓடுங்கோடா! நிலாவெளிக்கு!" என்று இரத்தினசிங்கம் வாசலுக்கு ஓடிக் கத்தினார். விரைவுப் படகின் இயந்திரம் உறுமியது. ஆனால் இந்தக் கடலில் அது போய்ச்சேர ஒரு மணி நேரமாவது செல்லும். அதுவரை ஜெனிஸ்டனின் படகு மிதக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

தினுஷா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிஸ்டனின் புள்ளிக்குத் தெற்கே, விரல் நுனியளவு தூரத்தில் இன்னொரு புள்ளி நின்றது. அதன் மேல் இருந்த பெயரை வாசித்தாள். திரும்ப வாசித்தாள். பஸ்தியாம்பிள்ளை.

இலங்கைத்துறையில் நிற்பதாகச் சொன்னவர் அங்கே இல்லை. அவரும் நிலாவெளிக் கடலில், அதே மீனுக்குத்தான் வலை விரித்திருந்தார். ஜெனிஸ்டன் அங்கே நிற்பதாகச் சொன்னதால், அவன் நிச்சயமாக அங்கே இல்லை என்று முடிவுகட்டி, மழைக்குள் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறார். பார்த்தேன் என்றதும் பொய்.

"ஐயா, வானொலியில சொல்லக்கூடாது எண்டுதானே நிபந்தனை," என்றாள்.

இரத்தினசிங்கம் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். "ஆரைக் கேக்கிறாய்? மைக்கை எடு."

தினுஷா றம்லாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"பஸ்தியாம்பிள்ளை அண்ணை, தினுஷா கதைக்கிறன். மெஷின் வேலை செய்யுது. எல்லாற்ற இடமும் எனக்கு முன்னால இருக்கு. ஜெனிஸ்டன் சொன்ன இடத்திலதான் நிக்கிறார்."

றம்லா வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"அண்ணை, நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டு நான் சொல்லட்டோ, நீங்களே போறியளோ?"

இரைச்சல். பிறகு, மிகத் தாழ்ந்த குரலில்: "எந்தப் பக்கம் பிள்ளை?"

"உங்களுக்கு நேர வடக்கால. ரெண்டு மைலும் வராது."

"வலை கடலுக்க கிடக்கு," என்றார் பஸ்தியாம்பிள்ளை. ஒரு மூச்சு விட்டார். "பரவாயில்லை. வெட்டிவிட்டிட்டுப் போறன்."

தெற்கேயிருந்த புள்ளி நகர்ந்தது. அது ஊர்ந்து ஊர்ந்து மேலே போவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதி வழியில் ஜெனிஸ்டனின் புள்ளி மங்கி, அணைந்துபோனது. தினுஷா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். றம்லா அவளுடைய தோளை இறுக்கினாள். கடைசியாகப் புள்ளி இருந்த இடத்தில் தினுஷா விரலை வைத்துக்கொண்டாள், மறந்துவிடக்கூடாதென்று. பஸ்தியாம்பிள்ளையின் புள்ளி அந்த விரலடிக்கு வந்து, நின்று, சுற்றிச் சுற்றி வட்டமடித்தது. மறுபடி வட்டமடித்தது. பிறகு அசையாமல் நின்றது.

வானொலி கரகரத்தது.

"மூண்டு பேரும் ஏறிட்டம்." ஜெனிஸ்டனின் குரல். "எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனாங்கள். படகு மூழ்கிட்டுது."

இரத்தினசிங்கம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். றம்லா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தினுஷாவுக்கு அழுகை வரவில்லை. அப்போதே அனுப்பியிருந்தால் படகும் மிஞ்சியிருக்கும். அவன் கேட்கப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நான் சரியான இடத்தைத்தானே சொன்னனான்," என்றான் ஜெனிஸ்டன். "ரெண்டு தரம் சொன்னனான். ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

தினுஷா மைக்கை அழுத்தினாள். நாற்பது படகும் கேட்கட்டும்.

"படகு அப்பவே வெளிக்கிட நிண்டது. நான்தான் மறிச்சனான். நீங்கள் சொன்னதை நான் நம்பேல்லை."

இரைச்சலுக்குள்ளிருந்து அவன் குரல் திரும்ப வந்தது.

"நானெண்டாலும் நம்பியிருக்கமாட்டன்," என்றான். குளிரில் அவன் பற்கள் அடித்துக்கொள்வது வானொலியில் கேட்டது.